விஷன், மிஷன் இரண்டுக்கும் தலா ஐம்பது வார்த்தை கேட்கிறார்கள், எதில் எதை எழுதுவது?

குளத்தங்கரை (அன்னூர்)

வணக்கங்க. எங்கள் ஊர்க் குளம் 42 ஏக்கர். ஐந்து வருடமாக ஞாயிறு தவறாமல் இருபது முப்பது பேர் சேர்ந்து சீமைக் கருவேலம் வெட்டுவது, கரையில் மண் போடுவது, வரத்து வாய்க்காலில் அடைப்பு எடுப்பது என்று செய்துகொண்டிருக்கிறோம். போன வருடம் சங்கமாகப் பதிவும் செய்துவிட்டோம். இப்போது ஒரு கம்பெனி சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று படிவம் வாங்கி வந்தோம். சர்வே எண், கொள்ளளவு, மதகின் நிலை, பொக்லைன் வாடகை எல்லாம் ஒரே நாளில் நிரப்பியாயிற்று. விஷன், மிஷன் என்ற இரண்டு கட்டத்தில் மட்டும் பத்து நாளாக நிற்கிறோம்.

நாங்கள் எழுதிக் கொடுத்தது இது. விஷன்: நீர்வளம் மிக்க, பசுமையான, தன்னிறைவு பெற்ற சமுதாயத்தை உருவாக்குதல். மிஷன்: நீர்நிலைகளைப் பாதுகாத்து, மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தி, நிலையான வளர்ச்சியை அடைதல்.

படிவத்தைப் பார்த்தவர் நல்ல மனிதர், திட்டவில்லை. இரண்டையும் இடம் மாற்றி ஒட்டினால் ஏதாவது வித்தியாசம் தெரியுமா என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுங்கள்.

பனியன்கணக்கு (திருப்பூர்)

அவர் கேட்டது சரியான கேள்விங்க. இன்னொன்றும் செய்து பாருங்கள். உங்கள் விஷனில் ஊர்ப் பெயரே இல்லை, குளம் என்ற சொல்லும் இல்லை. அதைத் தூக்கி ஒரு மரக்கன்று வளர்க்கும் அமைப்பின் படிவத்தில் போட்டால் அப்படியே பொருந்தும். யாருக்கும் பொருந்துகிற வாக்கியத்தை வைத்து உங்களால் எந்த முடிவும் எடுக்க முடியாது.

நான் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். வரவேற்பறையில் விஷன், மிஷன், குவாலிட்டி பாலிசி என்று மூன்று பலகை. ஐஎஸ்ஓ 9001 என்ற தரச் சான்று கேட்பது தரக் கொள்கையையும் அளந்து பார்க்கக்கூடிய தர இலக்குகளையும்தான், விஷன் பலகை மாட்டச் சொல்லி அதில் விதி கிடையாது, பலர் சேர்த்து மாட்டிவிடுகிறார்கள். ஆனால் தரக் கொள்கை வேலை செய்பவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. ஒருமுறை ஆடிட்டர் செக்கிங் டேபிளில் நின்ற அக்காவிடம் உங்கள் தரக் கொள்கை என்ன என்று கேட்டார். பலகையில் இருந்த நான்கு வரி அவருக்கு வரவில்லை. "ஓட்டை விழுந்த பீஸ் பெட்டிக்குள் போகக் கூடாதுங்க, சந்தேகமா இருந்தா நான் எடுத்து வெச்சிருவேன்" என்றார். ஆடிட்டர் தலையாட்டிவிட்டு அடுத்த டேபிளுக்குப் போனார். அந்த அக்கா சொன்னதைத்தான் பலகையில் எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாய்க்கால்மேடு (கொடுமுடி)

எனக்கு 68 வயது. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் நெல்லுமாகப் பண்ணயம் பார்த்தவன். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் அது. காலிங்கராயன் என்பவர் பவானி ஆற்றில் அணை கட்டி, தண்ணீரைத் திருப்பி, 90 கிலோமீட்டர் வளைத்து வளைத்துக் கொண்டுவந்து நொய்யல் ஆற்றில் சேர்த்தார். அவர் எந்தக் கட்டத்தில் விஷன் எழுதினார்? தம்பி, ஐந்து வருடம் ஞாயிறுதோறும் கையால் வேலை செய்தவர்களை ஐம்பது வார்த்தைக்காகப் பத்து நாள் நிறுத்தி வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேலை செய்கிறவனுக்கு இந்த எழுத்து எதற்கு? உண்மையாகவே கேட்கிறேன்.

பாடவேளை (பெருந்துறை)

ஐயா, உங்கள் கேள்விக்கே முதலில் வருகிறேன். அந்த வாய்க்காலை நேராக வெட்டியிருந்தால் தூரம் குறைந்திருக்கும். வளைத்ததால்தான் வழியில் இத்தனை ஊர் நிலம் பாய்கிறது. எங்கே போய்ச் சேர வேண்டும், யாருக்கெல்லாம் பாய வேண்டும், இரண்டும் மனதில் தீர்மானமாக இருந்தவர்தான் அப்படி வெட்ட முடியும். தீர்மானிக்கிறவர் ஒருவராக இருந்தால் எழுத வேண்டியதில்லை. முப்பது பேர் சேர்ந்து தீர்மானிக்கிற இடத்தில் எழுதாமல் விட்டால் முப்பது பேர் மனதிலும் முப்பது குளம் இருக்கும்.

நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எங்கள் படிப்புகளுக்கு என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் வாங்க, மதிப்பீட்டுப் படிவத்தின் முதல் பகுதியே விஷன், மிஷன்தான். எழுதினால் மட்டும் போதாது, யாரைக் கேட்டு எழுதினீர்கள், யாருக்கெல்லாம் தெரியப்படுத்தினீர்கள் என்றும் கேட்பார்கள். மாணவர்கள் படிப்பு முடிந்து சில வருடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் எழுதுகிற நோக்கங்கள் ஒவ்வொன்றும் மிஷனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 1, 2, 3 போட்டு அட்டவணை காட்ட வேண்டும். அந்த அட்டவணை போடும்போதுதான் எந்த வரி வெறும் அலங்காரம் என்று தெரியவரும். எங்கள் துறையிலேயே ஒரு வரிக்கு எதிரே எந்த நோக்கமும் ஒட்டவில்லை, அந்த வரியை எடுத்தோம்.

குளத்தங்கரை தம்பிக்கு: தமிழில் தொலைநோக்கு, செயல்நோக்கம் என்று எழுதுகிறார்கள், அந்தச் சொற்களே நம்மை மேடைப் பேச்சுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். தாளில் "என்ன காண விரும்புகிறோம்", "அதற்காக என்ன செய்து வருவோம்" என்று இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு பதில் எழுதுங்கள். சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காண விரும்பியது போலியோவே இல்லாத நாடு. செய்து வந்தது, ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முகாம் நாளில் சொட்டு மருந்து, விடுபட்ட குழந்தைக்கு வீடு தேடிப் போய்க் கொடுப்பது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில், போலியோ இல்லாத நாடு என்ற சான்று 2014 மார்ச்சில். இதில் விஷனையும் மிஷனையும் இடம் மாற்றி ஒட்டவே முடியாது, பாருங்கள்.

சென்னிமலைத்தறி (சென்னிமலை)

நடுவில் ஒரு சந்தேகம். ஜல் ஜீவன் மிஷன் என்கிறார்கள், மிஷன் ஆஸ்பத்திரி என்கிறார்கள், எல்லா மிஷனும் ஒன்றா?

பாடவேளை (பெருந்துறை)

வேர் ஒன்று, பயன்பாடு வேறு. ஒரு வேலைக்காக அனுப்பப்படுவது என்பதுதான் அடிப்படைப் பொருள். மதப்பணிக்கு வந்தவர்கள் நடத்திய ஆஸ்பத்திரி மிஷன் ஆஸ்பத்திரி ஆயிற்று. 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் மிஷனில் அந்தச் சொல் ஒரு பெரிய அரசுத் திட்டத்தைக் குறிக்கிறது, கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அதற்கு அளவு உண்டு. படிவத்தில் கேட்கும் மிஷன், நீங்கள் எந்த வேலைக்காக இருக்கிறீர்கள், யாருக்காக, எப்படி என்பது.

கொப்பரைக்களம் (காங்கேயம்)

நான் ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் இயக்குநராக இருக்கிறேன். 2020ல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் என்று திட்டம் கொண்டுவந்ததே, அதில் சேர்ந்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்பது விதி, ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தோம். பதிவு செய்யும்போது ஆடிட்டர் எழுதிய நோக்கங்கள் பக்கம் பக்கமாக இருக்கும், நாளைக்கு எது செய்தாலும் அதில் அடங்க வேண்டும் என்பதற்காக அகலமாக எழுதுவார்கள், அது சட்டத்துக்கு. அதையே விஷன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினோம். "தென்னை விவசாயிகளின் வாழ்வாதாரத்தை உயர்த்துதல்" என்று சுருக்கி பேனரில் போட்டிருந்தோம்.

அப்புறம் உர ஏஜென்சி எடுக்கலாம் என்று ஒருவர், இளநீர் லோடு அனுப்பலாம் என்று ஒருவர், எண்ணெய் செக்கு போடலாம் என்று ஒருவர். எல்லாமே வாழ்வாதாரத்தை உயர்த்தும், யாரை வேண்டாம் என்பது? மூன்று கூட்டம் சண்டையிலேயே போயிற்று. நான்காவது கூட்டத்தை ஒரு உறுப்பினரின் தோட்டத்துக் களத்தில், காயப்போட்ட கொப்பரைக்குப் பக்கத்திலேயே வைத்தோம். எங்களில் மூத்த ஒரு அம்மா, "அஞ்சு வருசம் கழிச்சு நான் இந்தக் கொப்பரைய எப்படி வித்துட்டு இருப்பேன், அத மட்டும் சொல்லுங்க" என்றார். அதற்குப் பதிலைத்தான் எழுதினோம். எங்கள் உறுப்பினர் தன் கொப்பரையின் தரமும் ஈரப்பதமும் தெரிந்து, தானே தரம் பிரித்து, ஏலத்தில் விலை தெரிந்து விற்பார். அதற்காக நாங்கள் செய்வது: ஈரப்பதம் பார்க்கும் கருவி, உலர்களம், தரம் பிரிக்கும் பயிற்சி, சிறு விவசாயிகளின் மூட்டைகளைச் சேர்த்து அவல்பூந்துறை ஏலத்துக்குக் கொண்டுபோவது. உர ஏஜென்சி வேண்டாம் என்று அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. செக்கு பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

குளத்தங்கரை தம்பி, நீங்களும் கட்டத்தை மூடி வைத்துவிட்டுக் குளத்துக்குப் போங்கள். கரையில் நின்று, பத்து வருடம் கழித்து இங்கே நின்றால் என்ன தெரிய வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

குளத்தங்கரை (அன்னூர்)

அக்கா, நீங்கள் சொன்னபடி ஞாயிறு கரையில் உட்கார்ந்து கேட்டோம். கேட்டிருக்கவே வேண்டாமோ என்று இரவு வரை நினைத்தேன். ஐந்து வருடம் ஒன்றாக மண் சுமந்தவர்கள், ஆளுக்கொரு குளம் சொன்னார்கள். சுற்றி நடைபாதை, விளக்கு, குழந்தைகளுக்கு ஊஞ்சல் என்று எட்டுப் பேர். பறவை வர வேண்டும், நடுவில் மண் திட்டு விட்டு மரம் வைக்க வேண்டும், ஆள் நடமாட்டமே கூடாது என்று நான்கைந்து பேர். மீன் குத்தகை விட்டுச் சங்கத்துக்கு வருமானம் என்று இரண்டு பேர். மீதிப் பேர் கிணற்றுக்குத் தண்ணீர் ஊறினால் போதும் என்றார்கள். வெட்டும்போது இது ஒன்றும் தெரியவில்லை, கருவேலம் எல்லோருக்கும் பொதுப் பகை. வாக்குவாதம் முற்றி ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பாடவேளை (பெருந்துறை)

போனவரை நாளைக்கே நேரில் போய் அழைத்து வாருங்கள், அது முதல் வேலை. ஆனால் கேட்டது தவறில்லை. இந்தப் பிரிவு ஏற்கெனவே இருந்தது, நிதி வந்து பொக்லைன் இறங்கிய பிறகு வெளிவந்திருந்தால் சங்கமே உடைந்திருக்கும்.

ஒரே ஒரு சொல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நம் கண் முன்னால் இருப்பது அரவிந்த் கண் மருத்துவமனை. 1976ல் மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கினார், இன்று நம் கோவை அவிநாசி சாலையிலும் இருக்கிறது. அவர்கள் வைத்துக்கொண்ட நோக்கம், தேவையில்லாமல் ஏற்படும் பார்வையிழப்பை ஒழிப்பது. எல்லாப் பார்வையிழப்பையும் ஒழிப்போம் என்று சொல்லவில்லை. "தேவையில்லாமல்" என்ற அந்தச் சொல், சின்ன அறுவையில் சரியாகிவிடும் கண்புரைக்கு வழியில்லாமல் கண்ணை இழக்கிற ஏழையிடம் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவருக்குக் காசில்லை, ஆகவே இலவச அறுவை. ஊரை விட்டு வர மாட்டார், ஆகவே கிராமத்து முகாம். கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை எட்டாது, ஆகவே 1992ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். மருத்துவமனை எதற்கு லென்ஸ் தொழிற்சாலை நடத்துகிறது என்று யாராவது கேட்டால் அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. உங்கள் குளத்துக்கும் அப்படி ஒரு சொல்லைத் தேடுங்கள்.

வாய்க்கால்மேடு (கொடுமுடி)

மண்வெட்டியோடு போனவர் எதைக் கேட்டார் தம்பி? நடைபாதையா, கிணறா?

குளத்தங்கரை (அன்னூர்)

கிணறு ஐயா. அவருக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம், சித்திரையில் கிணறு வற்றிவிடும், மாட்டுக்கே தண்ணீர் விலைக்கு வாங்குகிறார். நடைபாதை என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்று போய் அழைத்து வந்துவிட்டோம். நடைபாதை கேட்டவர்களே, முதலில் கிணறு, மற்றது பிறகு என்று ஒத்துக்கொண்டார்கள். பறவை கேட்டவர்களுக்கும் அதில் நட்டமில்லை, தண்ணீர் நின்றால் பறவை வரும்.

இரண்டாவதாக எழுதியது இது. விஷன்: அத்திக்கடவு அவிநாசித் திட்டத் தண்ணீரால் குளம் ஆண்டு முழுவதும் நிரம்பி, சுற்றுவட்டார நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும். மிஷன்: 2 ஆண்டில் 3 அடி தூர்வாருதல், 1,200 மீட்டர் கரை பலப்படுத்துதல், 2 மதகு சீரமைத்தல், 500 பனை விதை நடுதல்.

வாய்க்கால்மேடு (கொடுமுடி)

எழுத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன். அத்திக்கடவுக்காக அறுபது வருடத்துக்கு மேல் மூன்று மாவட்டமும் கேட்டுக்கொண்டிருந்தோம், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கணக்குப் போடுங்கள். எங்கள் காலிங்கராயன் அணைக்குக் கீழே பவானியில் உபரியாக வரும் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள், விநாடிக்கு 250 கன அடி, 70 நாள், மொத்தம் 1.5 டிஎம்சி, அதாவது 150 கோடி கன அடி. அது 1,045 குளம் குட்டைக்கு. சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 14 லட்சம் கன அடி சொச்சம். உன் 42 ஏக்கர் 18 லட்சம் சதுர அடி. சராசரியாகப் பார்த்தால் முக்கால் அடித் தண்ணீர்தான் தம்பி. உங்கள் பங்கு கூடலாம் குறையலாம், பவானியில் உபரி இல்லாத வருடம் அதுவும் இல்லை. அந்தத் திட்டத்துக் குழாயை நம்பி விஷன் எழுதாதே. மழைத் தண்ணீர் வருகிற வரத்து வாய்க்கால்தான் உன் கையில் இருக்கிறது. அதை மிஷனில் காணவே காணோம்.

பாடவேளை (பெருந்துறை)

ஐயா சொன்னது எழுத்துக்கும் பொருந்தும். அடுத்தவர் கையில் இருப்பதை நம் விஷனுக்குத் தூணாக வைக்கக் கூடாது. மிஷனில் இருப்பவை இலக்குகள், அவை வேண்டியவைதான், படிவத்தில் அவற்றுக்கு வேறு கட்டம் இருக்கும். 1981ல் ஜார்ஜ் டோரன் என்பவர் எழுதிய பிறகு ஸ்மார்ட் இலக்கு என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்களே, அளவும் பொறுப்பாளும் காலக்கெடுவும் இருக்க வேண்டும் என்று, அது இலக்குக்கு உரிய சோதனை. இரண்டு வருடத்தில் தூர்வாரி முடித்த மறுநாள் சங்கத்தைக் கலைத்துவிடுவீர்களா? மாட்டீர்கள். அப்போதும் எது உங்கள் வேலையாக இருக்குமோ அது மிஷன்.

பனியன்கணக்கு (திருப்பூர்)

ஒன்று சேர்க்கிறேன், இது எங்கள் ஊர் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது. ஏற்றுமதி இவ்வளவு கோடி என்று வருடாவருடம் இலக்கு வைத்தோம், எட்டினோம். நொய்யலில் பாசனத்துக்காக 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது, கீழே இருந்த தோட்டங்கள் போயின. எங்கள் இலக்கில் ஆறு என்ற சொல்லே இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அன்று என் அப்பாவுக்கும் வேலை போயிற்று. அதன் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்பதைத் தொழிலின் நடைமுறையாக ஏற்று, சுத்திகரித்த தண்ணீரையே திரும்பச் சாயத்துக்கு எடுக்கிறோம். ஆகவே மிஷன் எழுதும்போது நாம் செய்வதால் பாதிக்கப்படப் போவது யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குளம் நிரம்பினால் வழிகிற கலிங்கு வழியாகத் தண்ணீர் அடுத்த ஊர்க் குட்டைக்குத்தானே போகிறது? கலிங்கை உயர்த்தினால் அவர்களுக்குக் குறையும்.

குளத்தங்கரை (அன்னூர்)

அண்ணா, கலிங்கை ஒரு அடி உயர்த்தலாம் என்று உண்மையாகவே திட்டம் போட்டிருந்தோம். கீழ் ஊரில் யாரையும் கேட்கவில்லை. இந்த வாரம் போய்ப் பேசுகிறோம்.

சென்னிமலைத்தறி (சென்னிமலை)

குளத்துக்குச் சொல்கிறீர்கள், தனி ஆளுக்கும் இது ஆகுமா? ஐடி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கைத்தறிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நான்கு தறி, பெட்ஷீட். நோட்டில் "சென்னிமலைப் பெட்ஷீட்டை உலக அளவில் கொண்டுசெல்வேன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். காலையில் அதைப் படித்தால் உற்சாகமாக இருக்கிறது, பத்து மணிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொப்பரைக்களம் (காங்கேயம்)

கண்ணு, தனி ஆளுக்கும் அதே கேள்விதான். ஐந்து வருடம் கழித்து ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை உன் தறிக்கூடத்தில் என்ன நடக்க வேண்டும்? எத்தனை தறி ஓட வேண்டும், நெய்பவருக்குக் கூலி எந்தக் கிழமை தவறாமல் போக வேண்டும், துணி யார் வீட்டுக் கட்டிலில் விரிய வேண்டும், அப்பா அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்க வேண்டும்? அதை எழுது. உலகம் அதற்குள் வந்தால் வரட்டும்.

சென்னிமலைத்தறி (சென்னிமலை)

அக்கா, அப்பாவைப் பற்றிக் கேட்டீர்களே, அதை நான் யோசிக்கவே இல்லை. அவருக்கு முழங்கால் வலி, இனித் தறியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவு ஓட்டுவதும் சாயம் கலப்பதும் அவரைப் போல இங்கே யாருக்கும் வராது. இரவு எழுதியது: "ஐந்து வருடத்தில் எட்டுத் தறி ஓடும், நெய்கிற எட்டுப் பேருக்கும் சனிக்கிழமை கூலி தவறாது, சாயக் கணக்கு அப்பாவிடமிருந்து எழுத்துக்கு வந்திருக்கும்." இன்று பத்து மணிக்கு அவர் சொல்லச் சொல்ல சிவப்புக்கு உண்டான அளவை எழுதிக்கொண்டேன்.

குளத்தங்கரை (அன்னூர்)

கீழ் ஊருக்குப் போய் வந்தோம். கலிங்கை உயர்த்துவதில்லை, அதற்குப் பதில் வண்டலை ஆழமாக எடுப்பது என்று முடிவு, அவர்களும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். நேற்றுக் கோயில் மண்டபத்தில் வாசித்து எல்லோரும் சரி என்று சொன்னது இது.

விஷன்: எங்கள் குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும்.

மிஷன்: எங்கள் ஊர் மண்ணில் விழும் மழை வரத்து வாய்க்கால் வழியாகத் தடையில்லாமல் குளத்துக்கு வந்து நின்று ஊறும்படி, வாய்க்காலையும் கரையையும் மதகையும் ஊராரே முறை வைத்துப் பராமரிப்போம். கீழ் ஊருக்குப் போக வேண்டிய தண்ணீரைத் தடுக்க மாட்டோம். கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து ஊர்ப் பலகையில் எழுதுவோம்.

தூர்வாரும் அடிக்கணக்கு, கரை மீட்டர் எல்லாம் இலக்குக் கட்டத்துக்குப் போய்விட்டது. "நிலத்தடி நீர்மட்டம்" என்பதை எடுத்துவிட்டுக் "கிணறு" என்று போட்டது மண்வெட்டியோடு போன அந்த அண்ணன்தான்.

வாய்க்கால்மேடு (கொடுமுடி)

இது புரிகிறது தம்பி. ஒரே ஒரு குறை, எந்தக் கிணறு, எத்தனை கிணறு? இப்போதே அளந்து வைக்காவிட்டால் பத்து வருடம் கழித்து ஏறியதா இறங்கியதா என்று யார் சொல்வது?

குளத்தங்கரை (அன்னூர்)

சரிங்க ஐயா. பட்டியல் எடுத்தோம், 37 கிணறு. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கயிறும் கல்லும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம், பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். படிவம் திங்கட்கிழமை போகிறது.

வாய்க்கால்மேடு (கொடுமுடி)

கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டுபோ. நானும் சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடுகிறேன்.